ஒரே அலை, பல காரணங்கள்: ஆழ்துயில் மூளையின் கணினி மாதிரிகளை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

உறக்க ஆய்வகத்தில் இரவு முழுதும் பதிவாகும் இ.இ.ஜி.யை 30 விநாடிக் கூறுகளாகப் பிரித்துப் படிப்பது வழக்கம். விநாடிக்கு 0.5 முதல் 2 சுற்றுகள் வரை, 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட உயரத்தில் எழும் அலைகள் ஒரு கூற்றில் ஐந்தில் ஒரு பங்கையாவது பிடித்திருந்தால் அது ஆழ்துயில். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2007இல் வகுத்த விதி இது. மருத்துவருக்கு இந்த அளவுகோல் போதும். ஆனால் அலை எப்படிப் பிறக்கிறது என்று கேட்பவர் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போனவர்களில் முதன்மையானவர் கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மிர்ச்சா ஸ்டெரியாடே. 1993இல் அவர் குழு வெளியிட்ட தொடர் கட்டுரைகள், மயக்கமருந்து தரப்பட்ட பூனைகளின் மூளைப் புறணியில் நியூரான்களுக்குள்ளேயே மின்முனையைச் செலுத்திப் பதிவு செய்தவை. அங்கே தெரிந்தது இதுதான்: புறணியின் நியூரான்கள் கிட்டத்தட்ட எல்லாமே சற்று நேரம் ஒன்றாக இயங்குகின்றன; பிறகு சற்று நேரம் ஒன்றாக மௌனமாகின்றன. விநாடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவான இந்த மாற்றத்தையே மண்டையோட்டின் மேல் வைத்த மின்முனை பெரிய, மெதுவான அலையாக, அதாவது மெதுஅலையாக, காட்டுகிறது.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, இயக்கநிலையும் அமைதிநிலையும் மாறி மாறி வரும் இந்தத் தாளத்தைக் கணினியில் மறு ஆக்கம் செய்யும் மாதிரிகள் வரிசையாக வந்தன. இன்று அவற்றுக்குக் குறைவில்லை. இக்கட்டுரையின் வாதம் இந்த நிறைவிலிருந்தே பிறக்கிறது. ஒன்றுக்கொன்று முரணான அனுமானங்களில் நிற்கும் மாதிரிகள் ஒரே அலையை எழுப்பிக் காட்டும்போது, 'என் மாதிரி ஆழ்துயில் அலையை உண்டாக்குகிறது' என்ற கூற்றுக்குச் சான்று மதிப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஒரு மாதிரியின் தகுதியைச் சொல்வது அது வரைந்த அலையின் சாயல் இல்லை. மூளையின் ஒரு பகுதியை வெட்டினால், முடக்கினால், தூண்டினால் என்ன நடக்கும் என்று அது முன்கூட்டிச் சொன்னதும், அந்தச் சொல் பலித்ததா பொய்த்ததா என்பதுமே அதற்கு அளவுகோல்.

ஒரு சுற்றின் உள்ளே

2000இல் இகோர் திமோஃபியேவ், பிரான்சுவா கிரெனியே, மாக்சிம் பஷெனோவ், டெரன்ஸ் செஜ்னாவ்ஸ்கி, ஸ்டெரியாடே ஆகியோர் வெளியிட்ட, 2002இல் புறணிக்கு அடியிலுள்ள தலாமஸையும் சேர்த்து விரிவாக்கப்பட்ட மாதிரியில் ஒரே ஒரு சுற்றை நெருங்கிப் பார்க்கலாம். எல்லா நியூரான்களும் மௌனத்தில் இருக்கின்றன. சவ்வு மின்னழுத்தம் சுடுவதற்கு வேண்டிய அளவைவிட வெகு கீழே. ஆனாலும் அந்த மௌனத்துக்குள் ஒரு சலனம் உண்டு. சினாப்ஸ் நுனிகள் எந்தத் தூண்டலும் இல்லாமல் தாமாகவே அவ்வப்போது சிறிதளவு வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன. ஒவ்வொரு கசிவும் எதிர்ப்பக்க நியூரானின் மின்னழுத்தத்தை மிகச் சிறிதளவே உயர்த்துகிறது. தனித்தனியாக அவை எதையும் சாதிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் உள்ள ஒரு நியூரானில் சில கசிவுகள் தற்செயலாக ஒரே கணத்தில் கூடிவிட்டால், விரைவில் அடங்காத ஒருவகைச் சோடியம் மின்னோட்டம் திறந்துகொண்டு அந்தச் சிறு ஏற்றத்தைப் பெருக்குகிறது. அந்த நியூரான் சுடுகிறது. அண்டை நியூரான்கள் எழுகின்றன. அவற்றின் அண்டையும் எழுகின்றன. வலையமைப்பு முழுதும் இயக்கநிலைக்கு வருகிறது.

அந்த இயக்கமே தன் முடிவையும் கொண்டுவருகிறது. தொடர்ந்து சுடும் நியூரான்களின் சினாப்ஸ்கள் களைத்து வலுவிழக்கின்றன. செல்லுக்குள் சேரும் கால்சியம் ஒரு பொட்டாசிய மின்னோட்டத்தைத் திறந்து சவ்வைக் கீழே இழுக்கிறது. ஒன்றையொன்று தாங்கிய நியூரான்கள் தாங்கமுடியாத ஒரு கட்டத்தில் எல்லாம் சரிகின்றன. மறுபடி மௌனம், மறுபடி கசிவுகளின் தற்செயல் கூட்டம். விழிப்பு எப்படி வரும் என்பதற்கும் மாதிரியில் விடை உண்டு: அசிட்டைல்கோலின் பொட்டாசியக் கசிவைக் குறைத்தால் நியூரான்கள் மௌனத்துக்குள் விழாமல் இயக்கநிலையிலேயே நிற்கின்றன.

அழகான விளக்கம். ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு விளக்கம், அதே அழகுடன். ஆல்பர்ட் கோம்ப்டே, மரியா சாஞ்செஸ்-விவெஸ், டேவிட் மெக்கார்மிக், சியாவோ-ஜிங் வாங் ஆகியோர் 2003இல் வெளியிட்ட மாதிரியில் 1,024 கிளர்த்தும் நியூரான்களும் 256 தடுக்கும் நியூரான்களும் உள்ளன. சுற்றைத் தொடங்குவது கசிவுகளின் தற்செயல் அல்ல. தாமாகவே சுடும் இயல்புள்ள சில நியூரான்கள். சுற்றை முடிப்பது கால்சியம் அல்ல. செல்லுக்குள் சேரும் சோடியம் திறக்கும் பொட்டாசிய மின்னோட்டம். இதன் பின்னணியில் சாஞ்செஸ்-விவெஸும் மெக்கார்மிக்கும் 2000இல் ஃபெரெட் என்ற விலங்கின் புறணிச் சீவல்களில் கண்ட தாளம் இருக்கிறது. சீவலை மிதக்கவிடும் திரவத்தின் அயனிச் செறிவை உயிருள்ள மூளையின் அளவுக்குக் கொண்டுவந்ததும், தலாமஸும் உடலும் இல்லாத அந்தத் துண்டு தானாகவே மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு துடிப்பும் பெரும்பாலும் ஐந்தாம் அடுக்கிலிருந்து கிளம்பியது.

ஷான் ஹில்லும் ஜூலியோ டொனோனியும் 2005இல் 65,000க்கு மேற்பட்ட நியூரான்களைக் கொண்டு புறணியையும் தலாமஸையும் கட்டினார்கள். அதில் தொடக்கத்திலும் முடிவிலும் பங்கேற்கும் அயனி மின்னோட்டங்களின் சேர்க்கை வேறு. 2019இல் டேனியல் லெவன்ஸ்டீன், ஜியோர்ஜி புஜாகி, ஜான் ரின்சல் ஆகியோர் நேரெதிர்த் திசையில் போனார்கள். தனி நியூரான்களே இல்லை. மொத்தச் செயல்வீதத்தையும் களைப்பையும் குறிக்கும் ஒரு சில சமன்பாடுகள் மட்டும். இயற்கையாக உறங்கும் எலிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு அவர்கள் வந்த முடிவில், புறணியின் இயல்பான நிலை இயக்கநிலைதான். தற்செயல் ஏற்ற இறக்கம் எப்போதாவது அதை மௌனத்துக்குள் தள்ளிவிட, அது சிறிது நேரத்தில் திரும்பிவருகிறது. ஹிப்போகாம்பஸில் நிலைமை தலைகீழ்: மௌனமே இயல்பு, இயக்கம் குறுகிய வெடிப்பு.

தொடங்குவது யார், முடிப்பது எது, எது இயல்புநிலை, எது இடையூறு என்ற அடிப்படைக் கேள்விகள் எல்லாவற்றிலும் இவை வேறுபடுகின்றன. அலை மட்டும் ஒன்றுபோல் வருகிறது.

சாயல் ஏன் சான்றாகாது

இது உறக்க ஆய்வுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் இல்லை. ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் புச்சர், ஈவ் மார்டர் ஆகியோர் 2004இல், சிங்க இறால் போன்ற ஓடுடைய உயிரினங்களின் இரைப்பையை அசைக்கும் மிகச் சிறிய நரம்பு வலையை எடுத்துக்கொண்டு, அதன் அளபுருக்களை மாற்றி மாற்றி 2 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். இயற்கைத் தாளத்தை ஒத்த தாளத்தைப் பல லட்சம் மாதிரிகள் தந்தன. அவற்றின் சினாப்ஸ் வலிமைகளும் மின்னோட்ட அளவுகளும் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டிருந்தன. மூன்று வகை நியூரான்களாகச் சுருக்கப்பட்ட வலையிலேயே இந்த நிலை என்றால், தலாமஸோடு பிணைந்த பாலூட்டிப் புறணியில் என்ன எதிர்பார்ப்பது? காய்ச்சலைக் கண்டு நோயைப் பெயரிட எந்த மருத்துவரும் துணிவதில்லை. மெதுஅலையைக் கண்டு அயனி மின்னோட்டத்தைப் பெயரிடும் துணிவு மட்டும் நம் துறையில் இன்னும் குறையவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இயற்கையே பல வழிகளில் இந்தத் தாளத்தை உண்டாக்கலாமே? ஒரு விலங்கில் கசிவுகள், இன்னொன்றில் தாமாகச் சுடும் நியூரான்கள், ஒரே மூளையில் இரண்டும். அப்படியானால் 'எது சரி' என்ற கேள்வியே பிழை என்பார்கள். மறுப்பின் முதல் பாதியை ஏற்கிறேன். மார்டரின் நீண்டகால ஆய்வுகள் ஒரே இனத்தின் தனித்தனி உயிர்களில் கூட இத்தகைய வேறுபாடு இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் அதிலிருந்து இரண்டாம் பாதி வராது. இயல்புநிலையில் ஒன்றுபோல் நடக்கும் இரண்டு வலைகள் இடையூறு வரும்போது வெவ்வேறாக நடந்துகொள்ளும். முதுமையும் மருந்தும் பக்கவாதமும் வலிப்பும் இடையூறுகள்தானே. எந்த வழி எந்த மூளையில் வேலை செய்கிறது என்று தெரியாமல், எந்த மருந்து ஆழ்துயிலைக் குலைக்கும் என்று சொல்ல முடியாது.

வெட்டிப் பார்த்தவை

இடையூறு தரும் தெளிவுக்கு நான் முதலில் சுட்டுவது முன்சொன்ன 2000ஆம் ஆண்டு ஆய்வுதான். திமோஃபியேவும் சக ஆய்வாளர்களும் மயக்கத்திலிருந்த பூனையின் புறணியில் 10 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டை, இரத்த ஓட்டத்தைக் காத்தபடி, சுற்றியுள்ள திசுவிலிருந்து துண்டித்தார்கள். பக்கத்துப் புறணியில் மெதுஅலை தொடர்ந்துகொண்டிருக்க, துண்டில் அது நின்றுவிட்டது. எப்போதாவது ஒரு குறுகிய இயக்கம். பிறகு சில வேளை 60 விநாடி வரை நீளும் மௌனம். அப்புறம் துண்டைப் பெரிதாக்கி 30க்கு 20 மில்லிமீட்டர் அளவுள்ள, புறணி மடிப்பின் மேடு ஒன்றையே தனிமைப்படுத்தினார்கள். இயக்கங்கள் அடிக்கடி வந்தன. ஒழுங்கும் வேகமும் முழுப் புறணியை நெருங்கின.

தொடக்கம் தற்செயல் கசிவுகளின் கூட்டத்தால் என்றால், நியூரான்கள் கூடக் கூட எங்கோ ஒன்றில் அந்தக் கூட்டம் நிகழும் வாய்ப்பு கூட வேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்றும் கணக்கிடலாம். அவர்கள் கணக்கிட்டார்கள். உருவகப்படுத்தலிலும் வெட்டிய துண்டுகளிலும் அளவோடு வேகம் மாறிய விதம் அந்தக் கணக்கோடு பொருந்தியது. ஒரு மாதிரி தன் தலையை நீட்டி வைத்துக் காப்பாற்றிக்கொண்ட இடம் இது. அலையின் தோற்றத்தை ஒப்பிட்டுப் பெறும் எந்தப் பொருத்தத்தைவிடவும் எனக்கு இது மதிப்புள்ளது. ஆனாலும் இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். தாமாகச் சுடும் நியூரான்கள் அரிதாகச் சிதறிக்கிடந்தாலும் துண்டு பெரிதாகும்போது அவை அகப்படும் வாய்ப்பு கூடும். ஆகவே இந்த வெட்டு கசிவுக் கருதுகோளுக்கு வலுவூட்டுகிறதே தவிர, போட்டியாளரை முழுக்க வெளியேற்றிவிடவில்லை.

இரண்டாவது சான்று மாதிரிகளுக்கு உவப்பானதாக இல்லை. அதனால்தான் அதில் நின்று பேசவேண்டும். மாக்சிம் வொல்குஷேவ் முதலானோர் 2006இல், ஒன்றுக்கொன்று பல மில்லிமீட்டர் தள்ளியிருந்த பூனைப் புறணி நியூரான்களுக்குள் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். இயக்கம் தொடங்கும் கணம் நியூரானுக்கு நியூரான் முன்பின்னாக இருந்தது. மௌனம் தொடங்கும் கணமோ அதைவிட நெருக்கமாக ஒத்திருந்தது.

இதன் கனத்தை உணர, மேலே விவரித்த மாதிரிகளுக்குத் திரும்ப வேண்டும். கால்சியமோ சோடியமோ சினாப்ஸ் களைப்போ, எதுவாயினும் மௌனத்தைக் கொண்டுவருவது உள்ளூர்ச் சோர்வு. முதலில் எழுந்த நியூரான் முதலில் சோர வேண்டும். கடைசியில் எழுந்தது கடைசியில் சோர வேண்டும். அப்படியானால் மௌனத்தின் தொடக்கம், இயக்கத்தின் தொடக்கம் அளவுக்காவது சிதறியிருக்க வேண்டும். அளவீடு எதிர்மாறாகச் சொல்கிறது. சோர்வு மட்டுமே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற மாதிரி, அலையை எவ்வளவு அழகாக வரைந்தாலும், இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று எல்லாரையும் ஒரே நேரத்தில் அடக்குகிறது என்பதே இயல்பான அனுமானம்.

இந்தச் சவாலுக்கு மாதிரியாளர்கள் முகம்கொடுத்தது இத்துறையின் பெருமைக்குரிய பகுதி. 2012இல் பஷெனோவ், திமோஃபியேவ் குழுவினர் தடுக்கும் நியூரான்கள் இயக்கநிலையின் முடிவை ஒத்திசைக்கும் விதத்தை மாதிரியில் காட்டினார்கள். 2015இல் திமோஃபியேவ் குழு, தடுக்கும் நியூரான்களோடு தொலைவிலிருந்து வரும் இணைப்புகளும் மௌனத்தின் ஒத்த தொடக்கத்தில் பங்கேற்பதைப் பதிவுகளால் நிறுவியது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், புறணிக்கு அடியில் மெல்லிய தகடாகக் கிடக்கும் கிளாஸ்ட்ரம் என்ற பகுதியை எலியில் ஒளியால் தூண்டியபோது புறணியின் பரந்த பரப்பில் மௌனம் விழுந்தது. அந்த நியூரான்களை நீக்கியபோது மெதுஅலை குன்றியது. அலையின் சாயலோடு நிறைவடைந்திருந்தால் கிளாஸ்ட்ரத்துக்கு எந்த மாதிரியிலும் இடம் தேவைப்பட்டிருக்காது.

தலாமஸ் பற்றிய நெடிய வழக்கும் இதே பாடத்தைத் தருகிறது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தலாமஸை அழித்த பின்னும் புறணியில் மெதுஅலை இருக்கிறது என்று 1993இலேயே ஸ்டெரியாடே குழு காட்டியதால், தலாமஸ் வேண்டாத உறுப்பு என்ற எண்ணம் வேரூன்றியது. வின்சென்சோ குருநெல்லியின் குழு 2013இல், தலாமஸை முடக்கினால் இயற்கை உறக்கத்தின் மெதுஅலை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்றது. 2014இல் திமோஃபியேவ் குழு பூனைகளில் நேரத்தைத் தொடர்ந்து பார்த்தது. முடக்கியவுடன் அலை கடுமையாகக் குறைந்தது. 12 மணி நேரம் கழித்து மீளத் தொடங்கியது. 30 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. எப்போது பதிவு செய்தோம் என்பதைக் கணக்கில் எடுத்தால் இரு தரப்பும் ஒத்துப்போக இடமுண்டு. அந்த ஆய்வில் மாதிரியின் பங்குதான் என்னை ஈர்க்கிறது. மீட்சியை எது தரக்கூடும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது, புறணிக்குள் ஓடும் நெடுந்தொலைவு இணைப்புகளின் வலுவைக் கூட்டுவதோ பொட்டாசியக் கசிவை மாற்றுவதோ மட்டுமே போதுமானதாக இருந்தது. சோதித்த மற்றச் சோடிய, பொட்டாசிய மின்னோட்டங்கள் தோற்றன. 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த மாதிரி அது.

எந்த உறக்கத்தின் மாதிரி

இன்னொரு குறையைப் பலர் கண்டும் காணாமல் விடுகிறார்கள். தொடக்க கால மாதிரிகளில் பல பொருத்தப்பட்டது உறக்கத்தோடு அல்ல. கெட்டமின்-சைலசின் மயக்கத்தோடு, அல்லது கிண்ணத்தில் கிடக்கும் சீவலோடு. மயக்கத்தின் மெதுஅலைக்கும் இயற்கை உறக்கத்தின் மெதுஅலைக்கும் வேறுபாடு உண்டு என்பதைச் சில்வெய்ன் ஷொவெட், திமோஃபியேவ் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஒப்பீடு அதே வகை விலங்குகளில் காட்டியது. மயக்கத்தில் தாளம் ஒழுங்கானது; உறக்கத்தில் அப்படியில்லை. கடிகாரம் போன்ற ஒழுங்கைக் குறியாகக் கொண்டு அளபுருக்களைத் திருகிய மாதிரி, சோர்வுக்குத் தேவைக்கு மேல் வலுக் கொடுத்துவிடும். ஏனென்றால் ஒழுங்கைத் தர எளிய வழி அதுவே. லெவன்ஸ்டீனின் மாதிரி இயற்கை உறக்கத்தை எடுத்துக்கொண்டதால்தான் தற்செயலுக்குப் பெரிய இடம் தந்து, நீண்ட இயக்கம், குறுகிய மௌனம் என்ற படத்துக்கு வந்தது. முரணாகத் தோன்றும் இரண்டு மாதிரிகள் உண்மையில் இரண்டு வெவ்வேறு நிலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

மாதிரியின் பருமனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நியூரான்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது உண்மையை நெருங்குவதாகாது. ஆனால் சில நிகழ்வுகளுக்குப் பரப்பு வேண்டும். மார்செல்லோ மாசிமினி குழு 2004இல் 256 மின்முனைகளால் பதிவு செய்தபோது, மெதுஅலை ஒரு புள்ளியில் கிளம்பி, விநாடிக்கு 1.2 முதல் 7 மீட்டர் வேகத்தில், பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக மனித மூளையைக் கடப்பதைக் கண்டது. யுவல் நிர் குழு 2011இல் வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்த மின்முனைகளில், பெரும்பாலான அலைகள் மூளை முழுதும் பரவாமல் ஓரிடத்தோடு நிற்பதைக் கண்டது. ஒரே பெட்டியாகப் புறணியைக் கருதும் மாதிரி இவ்விரண்டையும் பேச முடியாது. அது அதன் வரம்பு; குற்றம் அல்ல.

மருத்துவமனை வாசலில்

இவை வெறும் முறையியல் வாதங்கள் இல்லை. வயது ஏற ஏற ஆழ்துயில் குறைகிறது. நினைவு உறுதிப்படுவதில் அதற்குப் பங்கு உண்டு என்பதால் அதை வெளியிலிருந்து வலுப்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. ஹாங்-வியெட் ங்கோ, யான் போர்ன் முதலானோர் 2013இல், உறங்குபவரின் மெதுஅலை மேலெழும் கணத்தோடு இசைந்து மெல்லிய ஒலித் துணுக்குகளைக் கேட்கச் செய்தால் அலை வலுப்பெறுகிறது, முந்தைய மாலை கற்ற சொற்களின் நினைவும் கூடுகிறது என்று காட்டினார்கள். 2015இல் அதே குழு இன்னும் முக்கியமானதைச் சொன்னது: ஒலிகளைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போனால் பலன் கூடிக்கொண்டே போவதில்லை, மூளை தானாகவே எல்லை போடுகிறது. 2016இல் ஷெல்லன்பெர்கர் கோஸ்டா குழுவினரின் தலாமஸ்-புறணி மாதிரி, ஒலிக்கு உறங்கும் மூளை தரும் மறுவினையை மறு ஆக்கம் செய்தது.

ஆனால் அந்த எல்லையைப் போடுவது எது? உள்ளூர்ச் சோர்வு என்றால், அடுத்த ஒலிக்கு முன் போதிய இடைவெளி விட்டால் போதும். ஒத்திசைந்து வரும் தடுப்பு என்றால், வலுவான இயக்கத்தைத் தூண்டுவதே ஆழமான மௌனத்தையும் வரவழைக்கும். இடைவெளியைவிட ஒலியின் வலுவும் இடமும் முக்கியமாகும். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு உறங்கப்போகும் முதியவருக்கு இந்த வேறுபாடு பொருட்டு. அலையை வரைவதோடு நிற்கும் மாதிரியிடமிருந்து இதற்கு விடை கிடைக்காது.

உறக்கத்தில் சினாப்ஸ்கள் வலுக்குறைந்து சமநிலைக்குத் திரும்புகின்றன என்ற டொனோனி, கியாரா சிரெல்லி ஆகியோரின் கருதுகோளுக்கு மாதிரிகள் உதவிய விதத்தை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஸ்டீவ் எஸ்ஸர், ஹில், டொனோனி ஆகியோர் 2007இல், ஹில்-டொனோனி மாதிரியில் சினாப்ஸ் வலுவைக் குறைத்தால் அலையின் உயரம் குறைவதோடு அதன் சரிவும் தளர்கிறது, ஒரே அலையில் பல முகடுகள் தோன்றுகின்றன என்று காட்டினார்கள். கூடவே வந்த இரண்டு கட்டுரைகள் எலியிலும் மனிதரிலும் உறக்கத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அந்த மாற்றங்களைக் கண்டன. பத்து ஆண்டு கழித்து, 2017இல், லூயிசா டி விவோ குழு எலிப் புறணியின் சினாப்ஸ்களை மின்னணு நுண்ணோக்கியில் அளந்து, உறங்கிய பின் அவற்றின் தொடுபரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்திருப்பதைச் சொன்னது. உயரத்தை மட்டும் பார்த்திருந்தால் பத்து வெவ்வேறு காரணங்கள் பொருந்தும். சரிவையும் முகடுகளையும் சேர்த்துச் சொன்னதால் வாய்ப்புகள் சுருங்கின. ஆனாலும் நியூரான்கள் அலையில் சேரும் ஒத்திசைவு வேறு காரணங்களால் குறைந்தாலும் சரிவு தளரும் என்பதால் வழக்கு இன்னும் மூடப்படவில்லை.

ஆகவே ஒரு சோதனையை இங்கே முன்வைக்கிறேன். கிளாஸ்ட்ரத்தை ஒளியால் முடக்கிய எலியில், இயற்கை உறக்கத்தின்போது, புறணியின் தொலைவான இரண்டு இடங்களில் மௌனம் தொடங்கும் கணங்களின் சிதறலையும் இயக்கநிலையின் நீளத்தையும் தனித்தனியே அளக்கலாம். சோர்வு முதன்மை என்றால் நீளம் பெரிதும் மாறாது. சிதறலும் ஓரளவே கூடும். தடுப்பு முதன்மை என்றால் சிதறல் தெளிவாகக் கூடும், நீளமும் கூடும். இரண்டும் கலந்து செயல்பட்டால், சிதறல் கூடி நீளம் மாறாதிருக்கும் நடுநிலை ஒன்று உண்டு. எந்த எண் வந்தால் தம் மாதிரியைக் கைவிடுவார்கள் என்பதை ஒவ்வொரு குழுவும், முதல் எலியின் பதிவு தொடங்கும் முன்பே, எழுதி வெளியிட வேண்டும்.